வட்டுக்கோட்டை வளவு

கல்விக்கூடங்களின் கதை – 17

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் பிறந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். இருவருமே சென்னை மாகாணத்துக்காரர்கள் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. முன்னவர் பின்னவருக்குப் பாடம் சொன்ன வாத்தியார். குருவும் சீடனும் சேர்ந்து பரீட்சை எழுதிச் சேர்ந்தே தேறினார்கள். இருவரையும் உருவாக்கியது யாழ்ப்பாணத்துக்கு மேற்கே வட்டுக்கோட்டை என்ற கிராமத்தில் இருந்த ஒரு சிறு கிறிஸ்தவக் கல்லூரி. அவர்கள் கைக்குப் பட்டம் வந்தபோது அந்தக் கல்லூரி இல்லை. 1855-இலேயே அதற்குப் பூட்டுப் போட்டாயிற்று. போட்டவர்கள் அதைத் தொடங்கிய அதே மிஷன்காரர்கள்.

கல்லூரி தோற்றுப்போனதால் மூடினார்கள் என்றால் கதை இங்கேயே முடிந்துவிடும். அது நன்றாக நடந்தது. அதை நடத்தியவர்கள் நினைத்த திசையில் மட்டும் நடக்கவில்லை.

தொடக்கத்துக்குப் போவோம். 1812-இல் கல்கத்தாவில் வந்திறங்கிய முதல் அமெரிக்க மிஷனரிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி தங்கவிடவில்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் போரில் இறங்கிய ஆண்டு அது. அவர்களில் ஒருவரான சாமுவேல் நியூவெல், வழியில் மொரீஷியஸில் மனைவியைப் பறிகொடுத்து, 1813-இல் இலங்கை வந்து சேர்ந்தார். இலங்கை கம்பெனியின் கையில் இல்லை, பிரிட்டிஷ் முடியின் நேர் ஆட்சியில் இருந்தது. இங்கே கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. யாழ்ப்பாணத்தில் வேலை செய்யலாம் என்று அவர் பாஸ்டனிலிருந்த அமெரிக்கன் போர்ட் என்னும் தலைமைச் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார். 1816-இல் ஒரு குழு வந்தது. டானியல் பூவரும் எட்வர்ட் வாரனும் தெல்லிப்பழைக்கும், பெஞ்சமின் மெய்க்ஸும் ஜேம்ஸ் றிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டைக்கும் போனார்கள். போர்த்துக்கீசர் கட்டி, ஒல்லாந்தர் எடுத்துத் திருத்தி, பிறகு யாரும் கவனியாமல் கூரை போய்க் கிடந்த ஒரு பழைய தேவாலயமும் அதைச் சுற்றியிருந்த வளவும்தான் வட்டுக்கோட்டையில் அவர்களுக்குக் கிடைத்தன. வாரன் இரண்டே ஆண்டுகளில் நோயால் போனார். றிச்சர்ட்ஸ் 1822-இல் போனார். மிஞ்சியவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

1823-இல் அவர்கள் அச்சிட்டு வெளியிட்ட கல்லூரித் திட்டத்தைப் படிப்பவர்களுக்கு இன்றும் வியப்பு வரும். தமிழ் இலக்கணம், இலக்கியம், சமஸ்கிருதம், ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், தருக்கம், இவற்றோடு வேதாகமம். பூவரும் மெய்க்ஸும் நியூ இங்கிலாந்தின் சிறு கல்லூரிகளில் படித்தவர்கள்; அந்த அச்சிலேயே ஒன்றைப் பனங்காட்டின் நடுவே வார்க்க நினைத்தார்கள். கல்லூரி என்ற பெயருக்கும் பட்டம் வழங்கும் உரிமைக்கும் கொழும்பு அரசிடம் சாசனம் கேட்டார்கள். பிரிட்டிஷ் மண்ணில் அமெரிக்கர்களுக்கு ஒரு கல்லூரியா என்று அரசு கையை விரித்துவிட்டது. அதற்கு முன்பே அவர்களுடைய அச்சுத் தொழிலாளரைத் தீவில் தங்கவிடாமல் திருப்பி அனுப்பிய அரசு அது. புதிய அமெரிக்க மிஷனரிகள் வருவதற்கான தடை 1830-கள் வரை நீடித்தது. ஆகவே கல்லூரி, ‘மத்திய பாடசாலை’ என்ற அடக்கமான பெயரில் தொடங்கியது. 1827 முதல் அது செமினரி. ஊர்க்காரர்கள் சாத்திரசாலை என்றார்கள். பெயரை மறுத்தாலும் படிப்பை மறுக்க அரசால் முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து இலங்கையின் நிர்வாகத்தை ஆராய வந்த கோல்புறூக் ஆணைக்குழு, யாழ்ப்பாணத்து அமெரிக்கர்களின் கல்விப் பணியை மெச்சி எழுதியது தனி வேடிக்கை.

மாணவர்கள் யார்? பெரும்பாலும் வேளாளக் குடிப் பிள்ளைகள். கிறிஸ்தவராகும் ஆசையால் வந்தவர்கள் சொற்பம். இங்கிலீஷ் படித்தால் கச்சேரியில் உத்தியோகம் கிடைக்கும் என்ற கணக்கோடு பெற்றோர் அனுப்பினார்கள். அனுப்பிய பிறகும் தயக்கம் போகவில்லை. மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றைத் தொடமாட்டோம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். முதலில் வெளியே சமைத்துப் போட ஏற்பாடு செய்து, பிறகு மெல்ல மெல்லத்தான் அடுப்பை உள்ளே கொண்டுவர முடிந்தது. சாதியை எதிர்த்துப் பிரசங்கம் செய்தவர்கள், சாப்பாட்டுப் பந்தியில் அதற்கு வழிவிட்டார்கள். பள்ளி நடக்க வேண்டுமே! இந்தச் சமரசத்தை அவர்களுடைய புகழ்பாடிகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாத்திரசாலையின் வெளிச்சம் யாழ்ப்பாணத்துச் சமூகத்தின் எல்லாப் படிகளிலும் ஒரே அளவில் விழவில்லை என்பதை மறைத்துவிட்டு அதைக் கொண்டாடுவதில் அர்த்தம் இல்லை.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அமெரிக்காவில் யாராவது ஒருவர் ஒரு மாணவனின் செலவை ஏற்றுக்கொள்வார். அந்த மாணவனுக்கு அவர் விரும்பும் பெயர் சூட்டப்படும். இப்படித்தான் யாழ்ப்பாணத்து வளவுகளில் திடீரென்று ஆர்னல்டும் நெவின்ஸும் வைமனும் கறலும் நடமாடத் தொடங்கினார்கள். சதாசிவம்பிள்ளை, ஜே.ஆர். ஆர்னல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை, நெவின்ஸ் ஆனார். சிறுப்பிட்டி வைரவநாதரின் மகன் தாமோதரத்துக்கு வந்து சேர்ந்த பெயர் கிங்ஸ்பரி. அவர் பின்னாளில் சைவராகவே வாழ்ந்து, அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டார். ஆனால் பெயர் அவரை விட்டாலும் குடும்பத்தை விடவில்லை. அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆனார். அதோடும் முடியவில்லை: அந்த மகன்தான் ஜி.இ. பிலிப்ஸுடன் சேர்ந்து தேவார திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1921-இல் நூலாக்கினார். சைவராகிய தந்தை மிஷன் பள்ளியின் பிள்ளை. பாதிரியாராகிய மகன் நாயன்மார்களின் மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்தில் மதம் மாறுவது ஒருவழிப் பாதையாக எப்போதும் இருந்ததில்லை.

வகுப்பறைக்கு வருவோம். தமிழ்ப் பாடத்தில் நன்னூலும் குறளும் நிகண்டும் இருந்தன. இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஊர்ப் புலவர்களை வைத்திருந்தார்கள். ஆனால் சாத்திரசாலையின் பேரை ஊர் முழுக்கப் பரப்பியது வானசாஸ்திரம். 1829-இல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அராலியில் விசுவநாத சாஸ்திரியார் என்ற புகழ்பெற்ற பஞ்சாங்கக்காரர் இருந்தார். தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாங்கம் கணித்த குடும்பம். அவர் கணித்த கிரகண நேரத்தைப் பூவர் சோதித்துப் பார்த்தார். தொடங்கும் நேரம், மறையும் அளவு, நீடிக்கும் நேரம் ஆகிய மூன்றிலும் தம் கணக்கு வேறாக இருப்பதைக் கண்டு, அதைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். அந்த இரவில் பள்ளி வளவில் கூட்டம். கையில் கடிகாரத்தோடு எல்லோரும் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவரின் கணக்கே பலித்தது.

மிஷன் ஏடுகள் இந்த இரவை மூடநம்பிக்கையின் தோல்வியாகக் கொண்டாடின. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. தொலைநோக்கியோ அச்சிட்ட அட்டவணைகளோ இல்லாமல், முன்னோர் விட்டுப்போன வாய்பாட்டை மட்டும் வைத்துக் கணித்த சாஸ்திரியார் கிரகணம் வரும் இரவைச் சரியாகவே சொல்லியிருந்தார். பிழைத்தது நிமிடக் கணக்கில். அதைப் புரிந்துகொண்ட வெள்ளைக்காரர் ஒருவரும் இருந்தார். பூவர் 1836-இல் மதுரைக்குப் போனபின் தலைமை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்டன், இந்நாட்டு வானசாஸ்திரத்தை எள்ளி ஒதுக்காமல் உட்கார்ந்து படித்தார். அதைப் பற்றி அவர் எழுதிய பாடநூல் 1848-இல் யாழ்ப்பாணத்து மிஷன் அச்சகத்தில் அச்சானது. அதோடு நிற்காமல் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1854-இல் அமெரிக்க கீழைத்தேயக் கழகத்தின் இதழில் அவை வந்தன. சைவத்தைக் கண்டிக்க வந்த மிஷனரி, சைவ சித்தாந்தத்தை மேலை அறிஞர்களுக்கு அறிமுகம் செய்தவர்களில் முன்னோடியாகிவிட்டார். வட்டுக்கோட்டை மாணவர்களை மட்டுமல்ல, வாத்தியார்களையும் மாற்றியது.

பூவர் மதுரைக்குப் போனார் என்றேன். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் அமெரிக்க மிஷன் 1834-இல் தொடங்கியதே யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களால்தான். மதுரை அமெரிக்கன் கல்லூரிக்குக் கொடி வேர் தேடினால் அது பாக்கு நீரிணையைத் தாண்டி வட்டுக்கோட்டையில் போய் நிற்கும். இன்னும் தூரமாகவும் ஒரு வேர் ஓடியது. 1840-களின் இறுதியில் இங்கே வந்து, சில ஆண்டுகள் சாத்திரசாலையின் தலைமைப் பொறுப்பில் இருந்த சைரஸ் மில்ஸும் அவர் மனைவி சூசனும், உடல்நலம் கெட்டு அமெரிக்கா திரும்பி, பிறகு ஹவாயில் கற்பித்து, கடைசியில் கலிஃபோர்னியாவின் ஓக்லந்தில் பெண்களுக்காக ஒரு கல்லூரியை நிறுவினார்கள். அமெரிக்காவில் பேர்பெற்ற மில்ஸ் கல்லூரி அதுதான்.

1840-கள்தாம் சாத்திரசாலையின் பொற்காலம். 1841 ஜனவரியில் ‘உதயதாரகை’ வெளிவந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வந்த அந்தப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்; இருவரும் சாத்திரசாலையில் படித்த தமிழர்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850-இல் தருக்க நூலைத் தமிழில் எழுதினார். கறல் விசுவநாதபிள்ளை 1855-இல் அட்சரகணிதத்தை ‘வீசகணிதம்’ என்ற பெயரில் தமிழாக்கினார். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இந்த வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதன் படிப்பு ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத் தக்கது என்று 1850-இல் வெளியான தம் நூலில் எழுதினார். சாசனம் தர மறுத்த அரசின் பெரிய அதிகாரியே கொடுத்த சான்றிதழ் அது.

இவ்வளவுக்கும் நடுவே மிஷனுக்குள் புகைச்சல் தொடங்கியிருந்தது. படித்து முடித்த பையன்கள் கிராமத்துக்குப் போய்ப் பிரசங்கம் செய்யவில்லை. கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் நில அளவைக்கும் போனார்கள். கொழும்புக்கும் சென்னைக்கும் போனார்கள். படிக்கும்போது ஞானஸ்நானம் பெற்றவர்களில் சிலர் வெளியே வந்ததும் திருநீறு பூசினார்கள். போதாக்குறைக்கு, வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்துவிட்டார். நாவலர் வட்டுக்கோட்டையில் படித்தவர் அல்லர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பார்சிவல் பாதிரியாரோடு வளர்ந்தவர். ஆனால் எல்லா மிஷன் பள்ளிகளின் கருவிகளையும் அவர் கையில் எடுத்துக்கொண்டார்: வகுப்பு முறை, அச்சகம், பிரசங்கம், துண்டுப் பிரசுரம். அமெரிக்கப் பள்ளிகளில் தருக்கம் படித்தவர்கள் அந்தத் தருக்கத்தைச் சைவத்துக்காகவும் வீசத் தொடங்கினார்கள்.

பாஸ்டனில் அமெரிக்கன் போர்டின் செயலாளர் ரூபஸ் அண்டர்சனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. மிஷனின் வேலை கிராமத்துச் சபைகளை எழுப்புவது. அந்தச் சபைகளைச் சுதேசப் போதகர்களே நடத்த வேண்டும். அதற்குத் தாய்மொழிக் கல்வி போதும். ஆங்கிலக் கல்வி பையன்களைச் சொந்த மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. இதுதான் அவர் கட்சி. 1855-இல் அவரே தூதுக்குழுவோடு யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். அந்த ஆண்டு பிப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதியில் டானியல் பூவர் இறந்திருந்தார். முப்பத்தொன்பது ஆண்டு யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்குமாக உழைத்த கிழவர், தாம் எழுப்பிய கல்லூரி சாவதைப் பார்க்காமல் தப்பினார். தூதுக்குழுவின் முடிவுப்படி சாத்திரசாலை மூடப்பட்டது.

அண்டர்சனை வில்லனாக்குவது யாழ்ப்பாணத்து எழுத்தாளர்களுக்குப் பிடித்த பழக்கம். அது அநியாயம் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் படித்தவன் ஊரை விட்டுப் போவான் என்று அவர் சொன்னது பலித்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் மலாயா ரயில்வேயிலும் கொழும்புக் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தார் நிரம்பி வழிந்ததைப் பார்த்தவர்கள் அதை மறுக்க முடியாது. தாய்மொழியில் உயர்கல்வி என்று இன்றைக்கு நாம் மேடையில் பேசுவதை அவர் அன்றைக்கு நடைமுறையில் சொன்னார். அவர் பிழைவிட்டது வேறிடத்தில். ஆங்கிலமும் மேலைக் கணிதமும் படித்தவன் தமிழைத் துறப்பான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். நடந்தது நேர்மாறு.

சாட்சிக்குத் தாமோதரம்பிள்ளை ஒருவரே போதும். 1844 முதல் 1852 வரை வட்டுக்கோட்டையில் படித்தார். சென்னையில் பார்சிவலின் ‘தினவர்த்தமானி’க்கு ஆசிரியரானார். பட்டம், சட்டம், உத்தியோகம், புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி எல்லாம் வந்தன. அவற்றுக்கிடையே அவர் ஓலைச்சுவடி தேடி அலைந்தார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு 1868-இல், வீரசோழியம் 1881-இல், இறையனார் அகப்பொருள் 1883-இல், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-இல், கலித்தொகை 1887-இல், சூளாமணி 1889-இல் அச்சேறின. உ.வே. சாமிநாதையருக்கு முன்னே நடந்து, பாதையில் முள் எடுத்துப் போட்டவர் அவர். ஏடு தொட்டால் ஒடிந்து விழுகிறது, எழுத்தைப் பூச்சி தின்றுவிட்டது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் ஒன்றும் மிஞ்சாது என்ற பதைப்பு அவருடைய பதிப்புரைகள் எங்கும் ஓடுகிறது. பிரதிகளை ஒப்பிடுவது, பாடபேதம் குறிப்பது, காலத்தை ஆராய்வது, ஊகத்தை ஊகம் என்று சொல்வது ஆகிய பழக்கங்களுக்கு விதை விழுந்தது சாத்திரசாலையின் கணித, தருக்க வகுப்புகளில் என்று நான் கருதுகிறேன். மரபுவழிப் புலமை மட்டும் போதுமென்றால் அவரைவிடப் பெரிய வித்துவான்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அச்சுக்கு ஏட்டைக் கொண்டுவர முனைந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார். அவரும் செய்தது தமிழ்ப் பணியே. ‘உதயதாரகை’யை நெடுங்காலம் நடத்தி, 1886-இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்ற தமிழ்ப் புலவர் வரலாற்றை வெளியிட்டார். அகராதிக் கதையும் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்ததே. மிஷனரிகளான ஜோசப் நைட் தொடங்கி, ஸ்போல்டிங் வளர்த்து, யாழ்ப்பாணத்துப் பண்டிதர்களின் உழைப்பில் ஊறி, 1862-இல் சென்னையில் இன்னொரு மிஷனரியான வின்சுலோவின் பெயரில் வெளிவந்த அகராதியில் சுமார் 67,000 சொற்கள்.

மூடிய கதவைத் திறந்தவர்கள் பழைய மாணவர்கள். 1860-களில் அவர்கள் கூடிப் பேசினார்கள். மிஷன் நடத்தாவிட்டால் போகட்டும், எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் உயர்கல்விக்கூடம் வேண்டும், நாங்களே பணம் திரட்டுகிறோம் என்றார்கள். யாழ்ப்பாணத்திலும் அமெரிக்காவிலும் நன்கொடை சேர்ந்தது. 1872-இல் அதே வட்டுக்கோட்டை வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. முதல் அதிபர் ஈ.பி. ஹேஸ்டிங்ஸ், சாத்திரசாலையில் கற்பித்த பழையவர். நிர்வாகம் இந்த முறை மிஷனின் தனிச்சொத்து இல்லை. உள்ளூர்க்காரர்களும் அமர்ந்த இயக்குநர் சபையின் கையில் இருந்தது. கிராமத்துச் சபையைச் சுதேசிகளே நடத்த வேண்டும் என்று அண்டர்சன் ஆசைப்பட்டார். சுதேசிகள் கல்லூரியையும் தாங்களே எழுப்பிக் காட்டினார்கள்.

அதன் பிந்திய வரலாறு தனித் தொடருக்கு உரியது. ஒன்றிரண்டை மட்டும் தொட்டுப் போகிறேன். கணிதப் பேராசிரியர் அலன் ஆபிரகாம் 1910-இல் ஹேலி வால்வெள்ளியின் வருகையைக் கணித்து, லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். பூவரின் கிரகண இரவுக்கு எண்பது ஆண்டுக்குப் பின். 1924-இல் தோன்றி, பின்னர் இளைஞர் காங்கிரஸ் ஆன யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸை முன்னின்று நடத்தியவர் இக்கல்லூரியில் படித்துப் பின் அங்கேயே கற்பித்த ஹண்டி பேரின்பநாயகம். 1927-இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது அந்த அமைப்பு. பூரண சுயராச்சியம் தராத அரசியல் திட்டம் வேண்டாம் என்று 1931 அரசாங்க சபைத் தேர்தலைக் குடாநாட்டில் பகிஷ்கரிக்கச் செய்ததும் அதுவே. சாதி ஏற்றத்தாழ்வையும் அந்த இளைஞர்கள் நேருக்கு நேர் எதிர்த்தார்கள். மிஷன் சோற்றைத் தொடமாட்டோம் என்றவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது கூரை இழந்து கிடந்த அந்த ஒல்லாந்தர் தேவாலயம் யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயமாயிற்று. முதல் பேராயர் சபாபதி குலேந்திரன் இக்கல்லூரியின் பழைய மாணவர். 1974-இல் யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் வந்தபோது, அதன் அறிவியல் வகுப்புகள் முதலில் நடந்தது வட்டுக்கோட்டைக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவுக் கட்டடங்களில். 1823-இல் மறுத்த பல்கலைக்கழகம் நூற்றைம்பது ஆண்டு சுற்றி அதே வளவுக்குள் வந்தது. இடையில் போர் வந்தது, ஊரே இடம்பெயர்ந்தது, திரும்பியது. 1823-ஐத் தொடக்கமாகக் கணக்கிட்டு 2023-இல் கல்லூரி தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியது. இடையில் மூடிக் கிடந்த பதினேழு ஆண்டுகளைக் கழிக்கவில்லை. கழிக்க வேண்டியதில்லை என்பதே என் கட்சியும். அந்த ஆண்டுகளில் கல்லூரி அதன் பழைய மாணவர்களிடம் இருந்தது.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. தமிழே போதும் என்று அண்டர்சன் சொன்னாரே, மேலை அறிவியலின் கனத்தை அன்றைய தமிழ் தாங்கியிருக்குமா? தாங்கும் என்று அதே மிஷனைச் சேர்ந்த ஒரு மருத்துவர், வட்டுக்கோட்டைக்கு அருகே மானிப்பாயில், உடற்கூற்றையும் அறுவை வைத்தியத்தையும் இரசாயனத்தையும் தமிழிலேயே கற்பித்துக்கொண்டிருந்தார். மாசசூசெட்ஸில் இருக்கும் அவருடைய கல்லறைக் கல்லிலும் தமிழர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அந்தச் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த வாரம்.

(தொடரும்)